பென்சிலில் எழுதிய பெயர்

கரும்பு ஆலையில் முப்பத்தொரு வருஷம் எடைமேடையில் உட்கார்ந்திருந்தவன் நான். நெல்லிக்குப்பம் பக்கம் டிராக்டரும் மாட்டுவண்டியும் வரிசைகட்டி நிற்கிற மாதங்களில், லோடோடு வரும்போது ஒரு எடை, கரும்பை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஒரு எடை போடவேண்டும். யாருக்காகவும் ஒரு கிலோ கூட்டியதில்லை, ஒரு கிலோ குறைத்ததில்லை. மனைவியின் தம்பியே ஒரு தடவை கரும்பு ஏற்றி வந்து, "மாமா, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று கண்ணடித்தான். எல்லார் முன்னாலும் சத்தம் போட்டு அவனை வரிசையின் கடைசிக்கு அனுப்பினேன். ஆறு மாதம் அவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அதில் எனக்கு வருத்தத்தைவிடக் கர்வம்தான் ஜாஸ்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் இங்கே எழுதப்போவது, வாழ்நாளில் நான் செய்த ஒரே கள்ளத்தனத்தைப் பற்றி.

எங்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன அட்டை. ஓரத்தில் ரோஜாவோ ஆட்டுக்குட்டியோ இருக்கும், நடுவில் ஒரு வேத வசனம். எவர்சில்வர் தாம்பாளத்தில் கவிழ்த்துப் பரப்பியிருப்பார்கள். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுத்தால் அந்த வருஷம் முழுக்க அதுதான் கடவுள் நமக்குத் தந்த வாக்கு. இதென்ன சீட்டு எடுக்கிற வேலை என்று படித்த ஆயர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களும் தங்களுக்கு ஒன்று எடுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள்.

வர முடியாத நோயாளிக்கு வீட்டிலிருந்து ஒருவர் எடுத்துப்போகலாம். அப்படி எடுக்கிற அட்டையின் பின்புறம் எங்கள் உபதேசியார் நோயாளியின் பெயரைப் பென்சிலால் எழுதித் தருவார். ஆயருக்கு ஒத்தாசையாகச் சபையைப் பார்த்துக்கொள்கிற மனிதர் அவர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். எது யாருக்கு வந்தது என்று வீட்டில் குழப்பம் வரக்கூடாது என்பது அவருடைய நியாயம்.

அந்த வருஷம் என் மனைவிக்காக நான் எடுத்துப்போக வேண்டியிருந்தது. அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் கடலூரிலிருந்து பஸ் ஏறி, சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போவோம். பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் யாராவது ஒருவர் துணைக்கு வந்திருப்பார்கள் என்று நான் அவளிடம் சொன்னதில்லை, அவளும் என்னிடம் சொன்னதில்லை.

டயாலிசிஸுக்கு முன்னால் ஒரு தடவை எடை பார்ப்பார்கள், முடிந்ததும் ஒரு தடவை. நடுவில் குறைந்தது உடம்பில் தேங்கியிருந்த தண்ணீர். முதல் நாளே அவள் மெஷினில் ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா, என்னையும் மேடையில ஏத்திட்டாங்க. லோடு வண்டி, காலி வண்டி." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மெஷின் தரையில் சரியாக உட்காரவில்லை என்று நர்ஸோடு சண்டை பிடித்தேன். நர்ஸ் வேறு இடத்துக்கு நகர்த்திப் போட்டார். அதற்கப்புறம் நான் வந்தாலே, "எடைக்கார சார் வந்துட்டாரு, மெஷின சரியா வைங்க" என்று உள்ளே குரல் கேட்கும்.

அந்த வருஷப் பிறப்பு அன்று காலை ஆராதனைக்குத் தனியாகப் போனேன். முதலில் எனக்கு ஒன்று எடுத்தேன். சாகமாட்டாய், உயிரோடிருந்து கடவுள் செய்தவற்றை எடுத்துச் சொல்வாய் என்ற பொருளில் வருகிற வசனம். அடுத்து அவளுக்கு எடுத்தேன். உபதேசியார் வாங்கி, நாக்கில் பென்சில் முனையை நனைத்து, அழுத்தி அவள் பெயரை எழுதிக் கொடுத்தார். வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். அப்போஸ்தலர் ஒருவர் தன் உடம்பில் குத்துகிற முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் கெஞ்சினாரே, அவருக்குக் கிடைத்த பதில். முள் போகாது, என் அருள் உனக்குப் போதுமானதாக இருக்கும் என்கிற பதில்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. நன்றாக இருக்கிற எனக்கு உயிர், ஊசி குத்திக் குத்திக் கை முழுக்கத் தடித்துப்போனவளுக்கு வெறும் அருளா? கடவுளே ஆனாலும் எடை எடைதானே! இதை வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் கையில் எப்படிக் கொடுப்பேன்?

தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு ரப்பரும் பென்சிலும் வாங்கினேன். கடைக்காரர், "பேரப்புள்ளைக்கா சார்? வருஷம் பொறந்ததும் பாடம் ஆரம்பிச்சிட்டாப்ல" என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்குச் சொன்ன முதல் பொய் அதுதான். பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து, அவள் அட்டையிலிருந்து அவள் பெயரை அழித்தேன். பின்பு என் அட்டையின் பின்புறம், உபதேசியாரின் கோணல் கையெழுத்து மாதிரியே அவள் பெயரை எழுதினேன். வரிசையின் கடைசிக்கு நான் அனுப்பிய மைத்துனன் பார்த்திருந்தால் கைதட்டிச் சிரித்திருப்பான்.

அவள் வாங்கி, உதடு அசைய இரண்டு தரம் படித்தாள். திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

"உபதேசியாருக்கு இந்த வருஷம் கையெழுத்து திருந்திப்போச்சே" என்றாள்.

"வயசாவுது இல்ல, நிதானம் வந்திருக்கும்."

"உங்களுக்கு என்னா வந்துச்சி?"

காட்டினேன். அதையும் படித்தாள். "இதுவும் நல்ல வசனம்தாங்க" என்று சொல்லி, ஜன்னல் பக்கம் போய் நின்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, தானே டேப் எடுத்து பீரோ கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினாள். தன் உயரத்துக்கு ஒட்டினாள். நான் படிக்க வேண்டுமானால் குனிய வேண்டும். நான் குனியவில்லை. தன் அட்டையை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பையில் போட்டுக்கொண்டாள். அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு. வெட்கம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

அந்த மாதங்களில் ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பாடுகளுக்கு அர்த்தம் சொல்ல எங்கள் ஆட்களைப்போல யாரும் கிடையாது. ஒருவர் இது சோதனை என்றார். இன்னொருவர், கடவுள் பொன்னைப் புடம்போடுகிறார் என்றார். புதுப்பாளையத்திலிருந்து வந்த, வீடு வீடாகப் பிரசங்கம் செய்கிற ஒரு ஊழியக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காபியைக் குடித்து முடித்து, "விசுவாசம் பத்தலம்மா, முழுசா நம்புனா இந்நேரம் மெஷினே தேவப்பட்டிருக்காது" என்றார். நான் எழுந்து போய் அவருடைய செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

அவர் போனதும் அவள் என்னைத் திட்டினாள். நான் பதிலுக்குக் கத்தினேன். "ஏன் நமக்கு இப்படின்னு ஒரு தடவயாவது நீ கேட்டியா கடவுள்கிட்ட?"

அவள் தட்டில் இருந்த ஐஸ்கட்டித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவளுக்குத் தண்ணீர் அளவோடுதான். அது கரைந்ததும் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "சிலுவையில தொங்குனவரே ஏன்னு கேட்டாரு. அவருக்கே அன்னிக்குப் பதில் வரல. நமக்கு மட்டும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவாங்களா?" என்றாள். "அவரும் கேட்டிருக்காரேன்னு இருக்கு, அது போதும் எனக்கு. நீங்க போய்க் கொஞ்சம் தண்ணி குடிங்க. என் முன்னாடி குடிக்கக்கூடாதுன்னு காலைலேருந்து வறண்டு கெடக்கறீங்க."

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. புடவை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் பின்கதவைப் பூட்டிக்கொண்டே, பஸ்ஸுக்கு நேரமாகிறது, எழுந்திரு என்றேன். பதில் இல்லை. இன்னொரு தரம் சொன்னேன். மூன்றாவது தரம், "காது கேக்கலியா?" என்று அதட்டினேன். அவளிடம் நான் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். முப்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் எத்தனையோ நல்ல வார்த்தை பேசியிருப்பேன். இப்போதும் காலையில் எழுந்தவுடன் ஞாபகத்துக்கு வருவது அந்த அதட்டல்தான்.

அடக்கம் முடிந்து எல்லாரும் போனார்கள். அவளுடைய பை ஆணியில் தொங்கியது. அதற்குள் கண்ணாடிக் கூடு, அதற்குள் அந்த அட்டை. நான் தொடவில்லை. சாகமாட்டாய் என்று நான் எழுதிக் கொடுத்ததை நம்பிக்கொண்டே போய்விட்டாள். அவளுக்கென்று வந்தது என்னவோ அதை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். போகிற வழிக்கு அவளுக்கென்று தரப்பட்டது அந்த அருள்தான் என்றால், அதுகூட இல்லாமல் வெறுங்கையோடு அனுப்பிவிட்டேனே. சில நேரம் இன்னும் மோசமாகத் தோன்றும். கடவுள் எனக்குத் தந்த உயிரை அவளுக்குக் கொடுக்கப் பார்த்தேன், அவர் அந்தக் கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடித்துத் தள்ளுபடி செய்துவிட்டார் என்று. யாரிடம் போய்ச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

செவ்வாயும் வெள்ளியும்தான் தாங்கமுடியவில்லை. அடக்கத்துக்கு அடுத்த செவ்வாயன்று ஆறரை மணிக்கு நான் பாட்டுக்குச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஆலப்பாக்கம் தாண்டியதும்தான் உறைத்தது. இறங்கவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. அவளுக்கு டயாலிசிஸ் முடிகிற நேரம் வரைக்கும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்து, திரும்பி வந்தேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே. நாலு மாதம் இப்படிப் போய்வந்தேன். கண்டக்டர் ஒருவர், "சார், அம்மா வரலியா?" என்று கேட்டார். "இல்ல" என்றேன். மேற்கொண்டு கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் யாராவது வந்து உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரும். யாரும் உட்காராமல் காலியாகவே வந்தாலும் கோபம் வரும்.

கார்த்திகையில், நல்ல மழைநாள் ஒன்றில், அதே பெஞ்சுக்குப் பக்கத்தில் கறுப்பு புர்கா போட்ட அம்மா ஒருவர் நின்று, "அண்ணே" என்றார். கையில் கட்டு. பார்த்ததும் தெரிந்துவிட்டது, டயாலிசிஸ் கட்டு. பரங்கிப்பேட்டை அம்மா. என் மனைவிக்கு அடுத்த கட்டில். பெண்கள் பகுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்பதால் நான் வெளியே வராந்தாவில்தான் இருப்பேன். இவரை உள்ளே போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. மகன் குவைத்தில். பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்.

"அக்கா மவுத்தானது நர்ஸு சொல்லித்தான் தெரியும்ணே. வந்து பாக்க முடியல. நாலு மணி நேரமும் பேசிக்கிட்டேதான் கெடப்போம். அவுங்க இல்லாம அந்தக் கட்டிலப் பாக்கவே முடியல." அவர் உட்கார்ந்தார். "அந்த அட்டைய என்னா பண்ணீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எந்த அட்டை?"

"உங்க அட்டைதான். அக்கா கண்ணாடிக் கூட்டுல வச்சிருப்பாங்களே. என்கிட்ட காட்டிச் சிரிப்பாங்க. 'இது எங்க வூட்டுக்காரருக்கு வந்தது. எம்பேர எழுதி எனக்குக் குடுத்திருக்காரு. வருஷமெல்லாம் ஊரு கரும்ப எட போட்டவரு, ஒரு பொய்ய ஒழுங்கா எழுதத் தெரியல'ம்பாங்க."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டிருப்பேன்.

"இன்னொரு அட்டையில பின்னாடி அழிச்ச தடம் அப்படியே இருந்துச்சாம். ஜன்னல் வெளிச்சத்துல பாத்தா அவுங்க பேருதானாம். நான் கேட்டேன், ஏங்க்கா, அண்ணன்கிட்ட சொல்லிட வேண்டியதுதானேன்னு. சொன்னா வெட்கப்பட்டுச் செத்துடுவாருன்னாங்க. என்னோட வசனம் எங்கயும் போயிடல, கண்ணாடி ஓரத்துல எனக்கு எட்டுற மாதிரி ஒட்டிவச்சிருக்கேன், தெனம் தல சீவும்போது படிச்சிட்டுத்தான் வரேன், அதுலதான் என் பொழுது ஓடுதுன்னாங்க." அந்த அம்மா புர்கா ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரோடத சும்மா கொஞ்ச நாளைக்கு வச்சிருக்கேன், போகும்போது திருப்பிக் குடுத்துடுவேன்னு சொன்னாங்க. குடுத்தாங்களாண்ணே?"

பரங்கிப்பேட்டை பஸ் வந்தது. அவரை ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையோடு பையை ஆணியிலிருந்து இறக்கினேன். கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். கண்ணாடி, துடைக்கிற துணி, அட்டை. அட்டைக்குக் கீழே பாதி தேய்ந்த ஒரு ரப்பர். நான் வருஷப் பிறப்பு அன்று வாங்கி, மேசை டிராயரில் ஒளித்து வைத்த அதே ரப்பர். அட்டையைத் திருப்பினேன். நான் கள்ளத்தனமாக எழுதியிருந்த அவள் பெயரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதியிருந்தாள். தன் சொந்தக் கையெழுத்தில், குண்டு குண்டாக, யாருடையது மாதிரியும் இல்லாமல்.

அழுதேன். அடக்கத்தன்று அழாததையும் சேர்த்து அழுதேன். அவள் வெறுங்கையோடு போகவில்லை. எனக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

பிறகு பீரோவுக்கு முன்னால் குனிந்து, அவள் உயரத்துக்கு வந்து, அவளுடைய அட்டையை முதல்முறையாக நிதானமாகப் படித்தேன். என் கையில் இருந்ததையும் படித்தேன். நல்ல அட்டை என்று நினைத்து அவளுக்குக் கொடுத்தது நல்லதே இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உயிரோடிருப்பாய். யாரோடு? இந்த வீட்டில், இரண்டு பூட்டும் இரண்டு சாவியும் வைத்துக்கொண்டு, பேச ஆள் இல்லாமல் உயிரோடிருப்பது. பாரமான அட்டை என்னுடையதுதான். நான் அதைத் தெரியாமல் அவள் தலையில் ஏற்றப் பார்த்தேன். அவள் தெரிந்தே ஏழு மாதம் பையில் வைத்துச் சுமந்தாள். எனக்கு அது தேவைப்படாத நாள்வரைக்கும் வைத்திருந்து, தேவைப்பட்டபோது கொடுத்துவிட்டாள். அவளுடையதையும் கண்ணாடியிலேயே விட்டுப்போயிருக்கிறாள். உயிரோடிருக்க அருள் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பாடுகளுக்கு அர்த்தம் இதுதான் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சொல்கிறவர்களின் செருப்பை இப்போதும் வாசல் பக்கம் திருப்பி வைப்பேன். ஏன் என்று கேட்டதற்கு எனக்கும் பதில் வரவில்லை. கேட்கும்போது நான் தனியாகக் கேட்கவில்லை என்று மட்டும் தெரிந்தது. எனக்கு முன்னால் சிலுவையில் ஒருவர் கேட்டிருக்கிறார். நாற்காலியில் பையோடு உட்கார்ந்திருந்தவள், கேட்காமலே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிதம்பரத்தில் இறங்கி, பெஞ்சில் உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். பரங்கிப்பேட்டை அம்மா எடை மெஷினில் ஏறிக்கொண்டிருந்தார். "கூட யாரு வந்திருக்கா?" என்று நர்ஸ் வழக்கம்போல அவரைக் கேட்டார். மருந்து வாங்க, சீட்டு காட்ட வெளியே ஒரு ஆள் இருக்கவேண்டும். அவர் வழக்கம்போலச் சும்மா நின்றார். "நான் இருக்கேன்" என்றேன். நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, குனிந்து மெஷினைச் சரியாக நகர்த்தி வைத்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அவள் இருந்தபோது நான் உட்கார்ந்த அதே பெஞ்ச். நாலு மணி நேரம். முடிந்து வந்ததும் அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுப்பேன், பாதி டம்ளர்தான் குடிக்கலாம். "அக்காவப் பத்தி எதாவது சொல்லுங்கண்ணே" என்பார். சொல்வேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. ஐஸ்கட்டி, காலி வண்டி, செருப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். பஸ் ஏற்றிவிட்டு, கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தனியாக வருவேன். தனிமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. செவ்வாய் வெள்ளி போக மிச்சம் ஐந்து நாள் இருக்கிறதே.

மறுபடி வருஷம் பிறந்தது. திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தபோது நானும் எழுந்து போனேன். "முழங்கா தேவலாமா ஐயா?" என்று ஒருவர் கேட்டார். தேவலாம் என்றேன். ஆராதனை முடிந்து தாம்பாளம் வந்தது. உபதேசியார் பழக்கதோஷத்தில் காதிலிருந்து பென்சிலை எடுத்து, "வூட்டுல அம்மாவுக்கு…" என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டார். கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிடுங்கய்யா. நீங்க உங்களுக்கு ஒண்ணு எடுங்க" என்று தாம்பாளத்தை நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை. சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன். கண்ணாடியிலிருந்து எடுத்ததும் கூட்டிலிருந்து எடுத்ததும் அதில் இருந்தன.

"போன வருஷத்தது ரெண்டு இருக்கு உபதேசியாரே" என்றேன். "ரெண்டும் இன்னும் முடியல."